குதிரைக்கு இருப்பிடம்: வெளியிடத்தில் தொடங்கி, அறையில் முடியுங்கள்

லாயம் கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அறை எத்தனைக்கு எத்தனை?" என்பதுதான். அதற்கான பதில் கீழே வருகிறது. அளவு நாடாவைக் கையில் எடுக்கும் முன் குதிரையின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தன் போக்கில் விட்ட குதிரை 24 மணி நேரத்தில் 14 முதல் 18 மணி நேரம் மேய்கிறது. மேய்ந்தபடியே நடந்து பல கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. தூக்கம் மொத்தம் 3 முதல் 5 மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. மீதி நேரத்தில் கூட்டாளியோடு தலைமாடு கால்மாடாக நின்று, ஒன்றின் முகத்து ஈயை மற்றொன்று வாலால் ஓட்டும். இந்த நாள்கணக்கில் நான்கு சுவருக்குள் செய்யவேண்டிய வேலை என்று எதுவும் இல்லை. படுக்கக் காய்ந்த இடமும், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரையும் போதும். அதனால் பணத்தையும் இடத்தையும் முதலில் வெளித்திடலுக்கு ஒதுக்குங்கள். மிஞ்சுவதை வைத்து அறை கட்டினாலும் குதிரை குறைப்பட்டுக்கொள்ளாது.

துணை

குதிரையைத் தனியாக வைக்கக்கூடாது. அடுத்த அறையில் இன்னொரு குதிரை இருக்கிறது, கனைப்பது கேட்கிறது என்பதைத் துணை என்று கணக்கில் சேர்க்க முடியாது. பார்க்கவும் முகரவும் வாயால் தொடவும் முடியவேண்டும். குதிரைகள் ஒன்றன் கழுத்தடியை ஒன்று பல்லால் நிரடிவிடும் பழக்கத்துக்கு உடல்ரீதியான காரணமும் உண்டு: பிரான்சின் காமார்க் பகுதிக் குதிரைகளிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், பிடரியின் அடிப்பகுதியைத் தேய்த்துவிடும்போது இதயத் துடிப்பு குறைவது அளந்து காட்டப்பட்டது. சுவிட்சர்லாந்தில், இன்னொரு குதிரையைக் காணவும் கேட்கவும் முகரவும் முடியாதபடி ஒரு குதிரையை வைப்பது சட்டப்படியே குற்றம்.

எண்ணிக்கை மூன்றாக இருந்தால் நல்லது. இரண்டு மட்டும் இருந்தால், ஒன்றைச் சவாரிக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் மற்றது தனித்துவிடும். வேலியோரம் ஓடி ஓடி வியர்த்துப்போகும். ஆடோ கழுதையோ துணைக்கு வைப்பதுண்டு. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான். ஆட்டுக்குக் குதிரையின் காதசைவு புரியாது.

புதுக் குதிரையைக் கூட்டத்தில் சேர்ப்பதில்தான் பெரும்பாலான அடிதடி நடக்கிறது. அவசரம் ஒரு காரணம், இடநெருக்கடி இன்னொரு காரணம். இப்படிச் செய்யுங்கள்:

1. முதல் மூன்று வாரம் தனிமைப்படுத்துங்கள். வாளி, துடைப்பம், தேய்க்கும் பிரஷ் எல்லாம் தனி. தினம் இருமுறை ஆசனவாய் வழியாக வெப்பநிலை பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதைத் தாண்டினாலோ, தாடைக்கு அடியில் வீக்கமோ மூக்கில் சளியோ தெரிந்தாலோ மருத்துவரை அழையுங்கள். இந்தக் காலத்திலும் மற்ற குதிரைகள் கண்ணில் படும்படி வையுங்கள். மூக்கோடு மூக்கு உரச மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

2. அடுத்த ஒரு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக விடுங்கள். முகர்ந்து பார்த்துக் கத்திக்கொண்டே முன்காலை வீசும். அந்தக் கால் சிக்கிக்கொள்ளும் இடைவெளி வேலியில் இருக்கக்கூடாது. உலர்புல்லை வேலியின் இருபுறமும் போட்டு, நாளுக்கு நாள் குவியல்களை நெருக்கிக்கொண்டே வாருங்கள்.

3. கூட்டத்தில் சண்டைக்குப் போகாத ஒன்றைத் தேர்ந்து, அதோடு மட்டும் புதியதைச் சேர்த்து விடுங்கள். பின்கால் லாடங்களை முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். லாடமில்லாத உதை சிராய்க்கும், லாடத்தோடு விழும் உதை எலும்பை முறிக்கும். தலைக்கயிற்றையும் கழற்றுங்கள். இரண்டுமே வயிறு நிறையப் புல் தின்றிருக்க வேண்டும். தரை வழுக்கும் நாளாக இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

4. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மேயத் தொடங்கிய பின், ஜோடியாகவே கூட்டத்துக்குள் விடுங்கள்.

காதை மடக்குவது, கிறீச்சென்று கத்துவது, நாலு பாய்ச்சல் துரத்துவது எல்லாம் அறிமுகப் பேச்சு, குறுக்கே போகாதீர்கள். ஒன்றை மூலையில் மடக்கி உதைத்துக்கொண்டே இருந்தாலோ, துரத்தல் ஓயாமல் நீண்டாலோ, தண்ணீருக்குப் போகவே விடாவிட்டாலோ பிரித்துவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம் குதிரையின் குணமே இல்லை. முட்டுச் சந்தாக முடியும் மூலைகளும், ஒரே வாசல் உள்ள ஒதுங்கிடமும், ஒரே ஒரு புல்தொட்டியும்தான். ஓடித் தப்ப வழியிருந்தால் தோற்கிற குதிரை ஓடிவிடும், விஷயம் அதோடு முடியும்.

தீனிதான் கடிகாரம்

குதிரையின் இரைப்பை சிறியது; அமிலம் சுரப்பது நிற்பதே இல்லை. அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வாய் சும்மா இருக்கும் நேரம் நீளும்போது இரைப்பையின் மேல்பகுதி புண்ணாகிறது. புல் இல்லாத இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் அளவு உலர்பொருள் (ஈரத்தை நீக்கிய எடை), நார்த்தீவனமாக ஒரு நாளைக்கு வேண்டும். உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால், 500 கிலோ குதிரைக்கு அது நடைமுறையில் 9 முதல் 12 கிலோ உலர்புல். கண்ணளவை நம்பாதீர்கள், தொங்கு தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். மாலை 6 மணிக்கு 4 கிலோ போட்டால் 9 மணிக்குள் தீர்ந்துவிடும். மறுநாள் காலை 6 மணிவரை ஒன்பது மணி நேரம் வெறும் வயிறு. பல லாயங்களில் தினமும் நடப்பது இதுதான். தானியத்தைக் கூட்டினால் இது சரியாகாது, சில நிமிடங்களில் தின்று முடித்துவிடும். இரவுப் பங்கைப் பகல் பங்கைவிடப் பெரிதாக்கி, 3 முதல் 4 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையில் கட்டிப் போடுங்கள். ஒரு கவளத்துக்கு நாலு இழுப்பு இழுக்க வேண்டியிருப்பதால் அதே எடை இன்னும் நெடுநேரம் நீடிக்கும்.

வலையை உயரத்தில் கட்டுவது பழைய வழக்கம். தலை தாழ்ந்திருந்தால்தான் மூச்சுக்குழாயின் சளி வடியும், பல்லும் சீராகத் தேயும், தூசியும் கண்ணில் விழாது. ஆகவே தரைமட்டம் நல்லது. ஆனால் லாடம் போட்ட கால் வலையில் மாட்டும். மார்பளவு ஆழமுள்ள மரப்பெட்டிக்குள் அடியில் வலையைக் கட்டிவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். மணல் தரையில் புல்லை நேரே கொட்டாதீர்கள். புல்லோடு மணலும் போய்ப் பெருங்குடலில் தங்கி, கோலிக் எனும் கடும் வயிற்றுவலியில் கொண்டுவிடும். ரப்பர் விரிப்பின் மேல் போட்டு, விரிப்பைத் தினம் பெருக்குங்கள்.

கூட்டத்தில் தீனியிடங்கள் குதிரை எண்ணிக்கையைவிட ஒன்றாவது கூடுதலாக இருக்கட்டும். ஐந்து குதிரைக்கு ஆறு குவியல், ஒன்றுக்கொன்று இரண்டு குதிரை நீளத் தூரத்தில், அதாவது 5 மீட்டருக்குக் குறையாமல். பெரியது ஒன்று விரட்டினாலும் விரட்டப்பட்டதற்குப் போய் நிற்க ஒரு குவியல் மிச்சம் இருக்கும்.

தண்ணீர் 500 கிலோ குதிரைக்கு 25 முதல் 55 லிட்டர். வெயிலிலும் வேலையிலும் இன்னும் கூடும். தானியங்கிக் கிண்ணம் வசதிதான், ஆனால் எவ்வளவு குடித்தது என்று சொல்லாது; நோயின் முதல் அறிகுறியே குடிப்பது குறைவதாக இருக்கும்போது அது பெரிய குறை. தொட்டியோ கிண்ணமோ, தினமும் கையை உள்ளே விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

வெளித்திடல்

பெரிய திடல் இருந்தும் குதிரைகள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். புல் ஒரு கோடியில், தண்ணீர் மறு கோடியில், உப்புக்கட்டி இன்னொரு மூலையில், ஒதுங்கிடம் நடுவில் என்று பிரித்து வைத்தால் அவை தானாக நடக்கும். இடம் சிறிதானால் திடலின் ஓரமாகவே சுற்றிவரும் பாதையை உள்வேலியால் பிரித்தெடுங்கள். அகலம் 4 மீட்டர் இருந்தால் இரண்டு குதிரை ஒன்றையொன்று கடந்துபோகலாம்; தீனியும் தண்ணீரும் வைக்கும் இடங்களை 8 மீட்டருக்கு மேல் அகலப்படுத்துங்கள். பாதை ஒரு வட்டமாக முடியவேண்டும்.

சேறு முதலில் பிடிக்கும் இடங்கள் மூன்று: வாயில், தண்ணீர்த் தொட்டியடி, ஒதுங்கிட முகப்பு. முழுத் திடலையும் சரிசெய்யக் கிளம்பாமல் இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் வெட்டியெடுத்து, 2 சதவீதச் சரிவு கொடுத்து, கல்லையும் மண்ணையும் பிரித்து வைக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். அதன்மேல் 15 சென்டிமீட்டர் உடைகல்லைக் கொட்டி இறுக்கி, 5 சென்டிமீட்டருக்குக் கரடுமணல் பரப்புங்கள். துணியை மிச்சம்பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டால் குளம்பின் அழுத்தத்தில் கல் களிமண்ணுக்குள் இறங்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் செலவழித்த கல் காணாமல் போயிருக்கும். தொடர்ந்து ஈரத்தில் நிற்கும் குளம்பின் அடியில் அழுகலும், கணுக்கால் தோலில் வெடிப்பும் வரும்.

லத்தியை வாரம் இருமுறை திடலிலிருந்து அள்ளுங்கள். குடற்புழு மருந்தின் தேவையை அது குறைக்கும், மேயத்தக்க பரப்பையும் கூட்டும். லத்தி கிடக்கும் இடத்தைக் குதிரை மேயாது.

வேலிக்கு முள்கம்பி கூடவே கூடாது. குதிரையின் முதல் பதில் ஓட்டம். முள்ளில் சிக்கியபின்னும் ஓடப் பார்க்கும், சதை கிழிந்து தொங்கும். கண்ணுக்குத் தெரியும் மரச்சட்டம் அல்லது அகல மின்நாடா, 1.4 மீட்டர் உயரம், மூலைகளை வளைத்து. மின்வேலி 3,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மதிக்காது. அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். வேலியோரச் செடிகளைக் கவனியுங்கள். அரளியும் ஆமணக்கும் இருந்தால் வேரோடு எடுங்கள். வெட்டிப்போட்டு வாடிய அரளி இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும்.

ஒதுங்கிடத்தின் அளவுக்கு ஒரு சூத்திரம் உண்டு. கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் உள்ள மேட்டிலிருந்து தரைவரை அளந்தால் கிடைப்பது தோள் உயரம். அதை அதாலேயே பெருக்கி, 3ஆல் பெருக்குங்கள். 1.5 மீட்டர் குதிரைக்கு 6.75 சதுர மீட்டர் படுக்கையிடம் வரும். நான்கு குதிரைக்கு 27. காற்றடிக்கும் திசைக்கு முதுகு காட்டிக் கட்டுங்கள். முகப்பு முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் எதிரெதிர் முனையில் இரண்டு வாசல்.

அறை

நோய், இரவு, பிரசவம் என்று அறை தேவைப்படும் நேரங்கள் உண்டு. குறைந்தபட்சப் பரப்புக்குத் தோள் உயரத்தை இரட்டித்து, வருவதை வர்க்கப்படுத்துங்கள். 1.5 மீட்டர் குதிரைக்கு 3 × 3 மீட்டர், 1.6 மீட்டருக்கு 3.2 × 3.2. இது அடிமட்டம். புதிதாகக் கட்டுவதானால் 3.6 × 3.6க்குக் குறைக்காதீர்கள்; குட்டியும் தாயும் இருக்க 4.8 × 4.8. இடம் குறுகினால் புரண்டு படுக்கும் குதிரை சுவரோரம் கால் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் கிடக்கும், உதைத்து உதைத்தே காயப்படும். கூரை 3 மீட்டருக்கு மேல். கதவு 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம், வெளிப்பக்கம் திறக்கவோ நகரவோ வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவை, கதவருகே விழுந்த குதிரை அடைத்துவிடும்.

இரண்டு அறைக்கு இடையிலான தடுப்பில்தான் நல்ல லாயமும் சிறைக்கூடமும் பிரிகின்றன. கீழே 1.3 மீட்டர் உயரத்துக்குப் பலகை, மேலே கம்பி. கம்பி இடைவெளி 5 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தலை முழுதும் தாராளமாகப் போய்வரும் அளவுக்கு அகலமாக. இடைப்பட்ட அளவுகளில்தான் தாடையும் குளம்பும் சிக்கும். ஒத்துப்போகும் ஜோடிகளை அடுத்தடுத்து வைத்து, தடுப்பின் ஒரு பாதியில் மேல்கம்பியை எடுத்துவிடுங்கள்; மறுபாதியை, தீனி வைக்கும் மூலைப்பக்கம், கூரைவரை பலகையால் அடையுங்கள். விரும்பினால் கழுத்தை நீட்டிப் பழகலாம், தின்னும்போது யார் முகமும் பார்க்க வேண்டாம். தடுப்பை முழுக்கத் திறந்துவிட்டு, தின்னும் நேரத்தில் சண்டை வந்ததும் "இவை சேராது" என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர்.

முன்காலை மாற்றி மாற்றி ஊன்றி ஆடுவது, பலகையைக் கவ்விக் காற்றை இழுப்பது, அறைக்குள் ஓயாமல் சுற்றுவது: இவற்றைக் கெட்ட பழக்கம் என்று சொல்வது தவறு. நார்த்தீவனமும் துணையும் நடையும் குறைந்ததன் விளைவுகள் அவை. கழுத்துப்பட்டை போட்டுத் தடுத்தால் செயல்தான் நிற்கும், காரணம் அப்படியே இருக்கும். பக்கத்து அறைக்குச் சன்னல் திறந்தால் ஆட்டம் குறைவதுண்டு. அதுவும் முடியாத இடத்தில் உடையாத அக்ரிலிக் கண்ணாடி பொருத்தியதில்கூடக் குறைந்திருக்கிறது.

படுக்கை 15 சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையவேண்டாம். சுவரோரம் இன்னும் உயர்த்தி அணைகட்டுங்கள். ரப்பர் விரிப்பு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் மூத்திரத்தை மறந்துவிடுகிறார்கள். அது தெறிப்பது பிடிக்காமல் குதிரை அடக்கிக்கொள்ளும். விரிப்புக்கு அடியில் போனது அங்கேயே புளிக்கும். மரச்சீவல் வாங்கினால் கறுப்பு வால்நட் மரம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். அது கலந்த சீவல்மேல் நின்றாலே குளம்பு அழற்சி வரும்.

காற்று

மூத்திரத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா எழுகிறது. அது செறிவாக இருப்பது தரையை ஒட்டி, குதிரை படுத்து மூச்சுவிடும் உயரத்தில். நின்றுகொண்டு "நாற்றமே இல்லை" என்று சொல்லாதீர்கள். விடியற்காலையில், கதவு திறக்கும் முன், படுக்கையில் மண்டியிட்டு முகர்ந்து பாருங்கள். மூக்கு உறுத்தினால் ஈரம் சரியாக எடுபடவில்லை. ஈரமான பகுதியைத் தினம் அடிவரை சுரண்டி எடுத்து, தரையைச் சிறிது நேரம் ஆறவிட்டு, விவசாயச் சுண்ணாம்புத் தூள் தூவிப் புதுப்படுக்கை போடுங்கள். சுட்ட சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும், அதைத் தொடாதீர்கள். இந்த வேலை நடக்கும்போது குதிரை வெளியே இருக்கவேண்டும்; தூசி அடங்க அரைமணி நேரமாவது விடுங்கள்.

சூடான ஈரக்காற்று மேலே போகும். அதற்குக் கூரை முகட்டில் வழி வேண்டும், ஒரு குதிரைக்குக் குறைந்தது 0.1 சதுர மீட்டர். உள்ளே வர, கூரை விளிம்புக்குக் கீழ் இரு நீண்ட சுவர்களிலும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு திறப்பு. காலையில் கூரையடியில் நீர் முத்துமுத்தாக நின்றால் திறப்பு போதவில்லை. குளிரென்று சன்னலை அடைப்பது மனிதர் வழக்கம். குதிரைக்கு 5 முதல் 25 டிகிரி வரை இதமான வெப்பநிலை, அதற்குக் கீழேயும் வயிற்றில் புல்லும் உடம்பில் காய்ந்த மயிரும் இருந்தால் தாங்கும். மூடிய லாயத்தின் பூஞ்சைத் தூசிதான் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். இருமும் குதிரைக்குப் புல்லைத் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி எடுத்துப் போடுங்கள். வெயில் காலத்தில் முக்கிய புல் விரைவில் புளிக்கும், மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். புல்கட்டுகளைத் தலைக்கு மேல் பரணில் அடுக்காதீர்கள். தூசியும் அங்கிருந்துதான் கொட்டும், ஈரமாகக் கட்டிய புல் உள்ளே சூடேறித் தீப்பிடிப்பதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஏற்கெனவே கட்டிய லாயமானால்

இடிக்க வேண்டாம். இந்த வரிசையில் மாற்றுங்கள்: முதல் வாரமே இரவுப் புல்லைக் கூட்டுங்கள். பிறகு ஜோடி பார்த்து அறைகளை மாற்றிப் போடுங்கள். அடுத்து தடுப்பின் பாதியைத் திறந்து, பின்சுவரை உடைத்து வெளியைப் பார்க்கும் ஒரு சன்னல் வையுங்கள். கடைசியில், சன்னலுக்குப் பதில் கதவாக்கி, வெளியே சிறு முற்றம் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று இரவுகள் கேமரா வைத்து, எந்தக் குதிரை எவ்வளவு நேரம் படுக்கிறது என்று குறித்து வையுங்கள். நின்றபடி கண்ணயரும் குதிரைக்கு, கனவு வரும் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் கிட்டும். நாளுக்கு அரைமணி நேரமாவது வேண்டும். படுக்கவே படுக்காத குதிரை நின்ற இடத்தில் முழங்கால் மடங்கிச் சரியும். முன்கால் கணுவின் முன்புறம் திரும்பத் திரும்பச் சிராய்ந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள். கூட்டத்தில் புதிதாக வந்ததா, இடம் குறுகலா, படுக்கை மெல்லியதா, மூட்டு வலியா என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்கு மருத்துவர் வேண்டும்.

காயத்துக்காக மருத்துவர் அறை ஓய்வு சொல்லியிருந்தால் தீனியைச் சட்டென்று மாற்றாமல், தானியத்தை மட்டும் குறைத்து, நார்த்தீவனத்தை அப்படியே விடுங்கள். நடையில்லாதபோது குடலும் மந்தமாகும். லத்தி ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுங்கள், வழக்கத்தில் பாதியானால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். தனக்குப் பிடித்த கூட்டாளி பக்கத்து அறையில் இருக்கவேண்டும். அதுவும் நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்காமலிருக்க, இரண்டு மூன்று அமைதியான குதிரைகளை முறைவைத்து நிறுத்துங்கள்; அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே முந்தையதை வெளியே அழைத்துப் போகவேண்டும்.